கேரவன் இழுக்கும்போது என் டிரைட்டன் பிக்கப்பின் பின்பக்கம் உட்கார்ந்துவிடுகிறது. பின் ஸ்பிரிங்குக்கு மேல் ஏர்பேக் போட்டால் சரியாகுமா?

சரியானது மாதிரி தெரியும் தம்பி. அதுதான் ஆபத்து.

உங்களிடம் டிரைட்டன் என்று எழுதியிருக்கிறீர்கள், என்னிடம் ஹைலக்ஸ். நான் இழுப்பது கேரவன் இல்லை, தைப்பூசத்துக்குக் கோலாலம்பூர் செந்தூலிலிருந்து பினாங்கு தண்ணீர்மலை அடிவாரம் வரை தண்ணீர்ப் பந்தல் சாமான்கள் ஏற்றிப் போகும் ஒற்றை அச்சு டிரெய்லர். (சொந்த பிரேக் உள்ள டிரெய்லர்தான், அதைக் கேட்டு யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.) ஆனால் கொக்கியில் இறங்கும் எடைக்குக் கேரவன், பந்தல் என்ற பேதமெல்லாம் கிடையாது.

முதல் வருடம் மாட்டியதும் பின்பக்கம் 7 சென்டிமீட்டர் இறங்கிவிட்டது. ராத்திரியில் புறப்பட்டால் என் விளக்கு முன்னால் போகிறவன் கண்ணாடியில் நேராக அடிக்கிறது, ஒவ்வொருவனும் வழி விட்டுவிட்டுப் பின்னாலிருந்து ஹைபீம் அடித்துப் பழி தீர்க்கிறான். ஊருக்குத் திரும்பியதும் ஒரு வொர்க்‌ஷாப்பில் காட்டினேன். தவுக்கே, அதாவது கடை முதலாளி, குனிந்துகூடப் பார்க்கவில்லை. “ஏர்பேக் போடு பாஸ், முடிஞ்சது” என்றார். சேசிஸுக்கும் பட்டை ஸ்பிரிங்குக்கும் நடுவில் வைக்கிற காற்றுப் பை அது. 1,400 வெள்ளி (ரிங்கிட்).

அடுத்த வருடம் காற்றை ஏற்றியதும் வண்டி மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றது. படம் எடுத்துக் குடும்ப வாட்ஸாப்பில் கூடப் போட்டேன், வெட்கமாக இருக்கிறது. அன்று இரவு மெனோரா சுரங்கத்தைத் தாண்டிக் கோலாகங்சார் பக்கம் இறங்கும்போது நல்ல மழை. வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்புகிறேன், கையில் கனமே இல்லை, முன்சக்கரம் ஒரு கணம் நேராகவே வழுக்கிப் போய்ப் பிறகுதான் திரும்பியது. பக்கத்தில் என் மனைவி ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் விஷயம் பெரிது. சுங்கை பேராக் ஓய்விடத்தில் நிறுத்தி அரை மணி நேரம் தேநீர் குடித்தேன், கை நடுக்கம் நிற்கிற வரைக்கும்.

நடந்தது இதுதான். கொக்கி இருப்பது பின் அச்சுக்கும் பின்னால். அங்கே எடை அழுத்தினால் சீசாப் பலகை மாதிரி முன்பக்கம் மேலே போகும், முன்சக்கரத்தில் எடை குறையும், திருப்பமும் பிரேக்கும் கெடும். காற்றுப் பை பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தும், அவ்வளவுதான். முன்சக்கரத்தில் குறைந்த எடையை அது திருப்பிக் கொடுக்காது. முன்பு விளக்கு வானத்தைப் பார்த்தாவது என்னை எச்சரித்தது, பை போட்ட பிறகு அதுவும் போய்விட்டது.

திரும்பி வந்து, அதே சாமான்களை அதே மாதிரி ஏற்றி அளந்தேன். முன்சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை வெறும் வண்டியில் 52 சென்டிமீட்டர், டிரெய்லர் மாட்டினால் 53.5. பையில் காற்று ஏற்றினாலும் இறக்கினாலும் அந்த 53.5 அசையவில்லை. டிரெய்லரின் மொத்த எடையைப் பழைய இரும்புக் கடை எடைமேடையில் பார்த்தேன், 1,140 கிலோ. கொக்கி எடைக்கு வீட்டுக் குளியலறைத் தராசு போதும், ஆனால் நேராக வைத்தால் உடைந்துவிடும். ஒரு கனமான பலகையின் ஒரு முனையைச் செங்கல் மேலும் மறு முனையைத் தராசு மேலும் வைத்து, செங்கல்லிலிருந்து 1 அடி, தராசிலிருந்து 2 அடி தூரத்தில் கொக்கி முனையை இறக்குங்கள். தராசு காட்டுவதை மூன்றால் பெருக்க வேண்டும். எனக்கு 68 காட்டியது, ஆக 204 கிலோ. மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும் என்பார்கள், எனக்கோ 18 சதவீதம்!

காரணம் நான்தான். ஐஸ் பெட்டியையும் கேஸ் சிலிண்டர்களையும் டிரெய்லரின் முன்மூலையில் அடுக்கியிருந்தேன், இறக்க வசதி என்று. ஜெனரேட்டர் பிக்கப்பின் பின்கதவை ஒட்டி. ஐஸ் பெட்டியை அச்சுக்கு மேல் தள்ளி, ஜெனரேட்டரைக் கேபினை ஒட்டி நகர்த்தியதும் தராசு 48 காட்டியது, அதாவது 144 கிலோ. முன்பக்கம் 52.5க்கு வந்தது. செலவு ஒரு காசு இல்லை. ஆர்வக்கோளாறில் எல்லாவற்றையும் பின்னால் தள்ளிவிடாதீர்கள், கொக்கி எடை 10 சதவீதத்துக்கும் குறைந்தால் டிரெய்லர் வாலாட்டும், அது இதைவிட மோசம்.

உங்கள் கேரவனிலும் தண்ணீர்த் தொட்டி, பேட்டரி, கேஸ் எங்கே இருக்கின்றன என்று முதலில் பாருங்கள். அதற்குப் பிறகும் இறங்கினால், எடையை முன் அச்சுக்கும் கேரவன் அச்சுக்கும் பகிரும் கம்பி வைத்த கொக்கி இருக்கிறது. எல்லா இணைப்புக்கும் அது பொருந்தாது, கேரவன் கையேட்டைப் பாருங்கள். ஸ்பிரிங்கே களைத்துப்போயிருந்தால் பட்டை மாற்றுங்கள். காற்றுப் பை கடைசி. பட்டை ஸ்பிரிங் இரண்டு முனைகளில் தாங்குகிற எடையைப் பை சேசிஸின் ஒரே இடத்தில் குத்துகிறது. அளவு மீறி ஏற்றிச் சேசிஸ் வளைந்த இரட்டைக் கேபின் வண்டிகளின் படங்கள் ஆஸ்திரேலியாக்காரர்களிடம் நிறைய உண்டு. எந்த ஸ்பிரிங் போட்டாலும் வண்டிக்கு அனுமதித்த எடை ஒரு கிலோகூட உயராது.

நான் மெக்கானிக் இல்லை. “இருபது வருஷமா ஏர்பேக் ஓட்டுறேன், ஒண்ணும் ஆகல” என்று எழுதப்போகிற அண்ணன்மார்களே, சந்தோஷம், ஓட்டுங்கள்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஆறு வருடமாக என் டீசல், என் டோல், என் டயர். பந்தலில் பொன்னாடை யாருக்கு? ஸ்பீக்கர் வாடகை கொடுத்தவருக்கு. போன வருடம் மச்சான் டிரெய்லரை இரவல் வாங்கி, உள்ளே பாதிச் சோற்று அண்டாவோடு திருப்பிக் கொடுத்தார், டச் அண்ட் கோ டோல் கார்டில் மீதி 80 காசு.

சரி, அளந்துவிட்டு எண்களை எழுதுங்கள். முன்பக்க அளவு முக்கியம், பின்பக்கப் படத்தை மட்டும் போடாதீர்கள்.