தரையில் கவிழ்ந்த ஹெலிகாப்டர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

விமானத் தளத்தில் பல ஆண்டுகள் பராமரிப்புப் பணியில் இருந்ததாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அந்த உரிமையில் கேட்கிறேன். சென்ற வாரம் ஒரு காணொளி பார்த்தேன். சிறிய பயிற்சி ஹெலிகாப்டர் ஒன்று ஓடுபாதை ஓரத்தில் நிற்கிறது. எழும்பப் போகிறது என்று நினைக்கும்போதே ஒரு பக்கமாகச் சாய்ந்து, கண் மூடித் திறப்பதற்குள் கவிழ்ந்துவிட்டது. இறக்கைகள் தரையில் அடித்துச் சிதறின. உள்ளே இருந்த இருவரும் பிழைத்துக்கொண்டார்கள். "பறக்கவே இல்லை, அதற்குள் கவிழ்த்துவிட்டான், ஓட்டத் தெரியாதவன்" என்று உடன் பார்த்தவர்கள் சொன்னார்கள். என் மகள் இரண்டு மாதமாக ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றுவருகிறாள். அவள் மேலே இருக்கும்வரை எனக்கு அடிவயிறு கலங்கும். தரையைத் தொட்டுவிட்டாள் என்றால்தான் மூச்சு வரும். இப்போது அதுவும் போய்விட்டது. தரையில் நிற்கும் ஒன்று எப்படிக் கவிழும்?

ஒரு தாய்

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் தவிர்த்திருக்கிறேன்.)

அன்புள்ள சகோதரி,

முதலில் அந்த விமானியைப் பற்றி. 'ஓட்டத் தெரியாதவன்' என்ற பேச்சு எனக்குக் கோபமூட்டுகிறது. ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர்களும் இப்படிக் கவிழ்ந்திருக்கிறார்கள். இந்த விபத்துக்கென்றே 'டைனமிக் ரோல்ஓவர்' என்று ஒரு பெயர் இருக்கிறது. உங்கள் மகளும் முதல் சில வகுப்புகளிலேயே அதைக் கேட்டிருப்பாள்.

நீங்கள் பார்த்த ஹெலிகாப்டர் நின்றுகொண்டிருந்ததாகச் சொல்கிறீர்கள். உண்மையில் அது பாதி பறந்துகொண்டிருந்தது. பயிற்சிப் பள்ளிகளில் அதிகம் காணப்படும் ராபின்சன் ஆர்22 ரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்களும் எரிபொருளும் சேர்த்து அதன் உச்ச எடை 622 கிலோதான். மேலே அதன் ரோட்டர், அதாவது இறக்கைகளைச் சுழற்றும் சுழலி, நிமிடத்துக்கு 500 சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. இறக்கை நுனியின் வேகம் மணிக்கு 700 கிலோமீட்டரைத் தாண்டும். விமானி இடது கையால், தூக்கும் விசையைக் கூட்டிக் குறைக்கும் கலெக்டிவ் என்ற நெம்புகோலை உயர்த்த உயர்த்த, சக்கரத்துக்குப் பதிலாக அடியில் உள்ள ஸ்கிட் குழாய்கள் தாங்கும் பாரம் குறைந்துகொண்டே வரும். எழும்புவதற்குச் சற்று முன்பு அவை தரையைத் தொட்டுக்கொண்டு மட்டும்தான் இருக்கும்.

அந்தக் கணத்தில் ஒரு ஸ்கிட் மட்டும் எதிலாவது மாட்டிக்கொண்டால்? ஈர மண்ணில் புதைந்திருக்கலாம், வெயிலில் இளகிய தாரில் ஒட்டியிருக்கலாம், பனியில் உறைந்திருக்கலாம். விடுபட்ட பக்கம் எழும்பும், மாட்டிய பக்கம் எழும்பாது. மாட்டிய ஸ்கிட்டே அச்சாகிவிட, உடல் அதைச் சுற்றிச் சாயத் தொடங்கும். உடலோடு ரோட்டரும் சாய்வதால், மேலே தூக்க வேண்டிய விசை இப்போது பக்கவாட்டில் தள்ளும். ஹெலிகாப்டரை வேண்டிய பக்கம் சாய்க்கும் சைக்ளிக் கோலை எதிர்ப்பக்கம் முழுவதும் சாய்த்தாலும் மீட்க முடியாத ஓர் எல்லை உண்டு. ரோட்டர் ஓய்ந்த ஹெலிகாப்டர் தானாகக் கவிழ வெகுவாகச் சாய வேண்டும். விசையோடு இருக்கும்போது அதில் ஒரு சிறு பங்கு சாய்வே போதும்.

ஆபத்து வந்தால் மேலே போய்விட வேண்டும் என்றுதான் கை துடிக்கும். கலெக்டிவை இன்னும் இழுக்கும். கவிழ்ப்பது அந்த இழுப்புதான். செய்ய வேண்டியது கலெக்டிவைத் தாழ்த்துவது. அதையும் படபடவென்று தாழ்த்தினால் தூக்கிய பக்கம் தரையில் மோதி, எதிர்ப்பக்கம் உருளக்கூடும். எல்லாம் ஓரிரு நொடிக்குள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அந்த நொடி இருந்ததாகவே தெரியாது.

நான் ஒருமுறை அதை அருகில் நின்று பார்த்தேன். விடியற்காலை, புல் நனைந்திருந்தது. இரவில் காற்றுக்காகக் கட்டிவைத்த கயிறுகளில் வலப்பக்கக் கயிறு ஒன்றை அவிழ்க்காமல் விட்டிருந்தார்கள். நான் தீயணைப்பானோடு நின்றிருந்தேன். என் கண்ணிலும் அது படவில்லை. மாணவன் கலெக்டிவை உயர்த்தினான். இடது ஸ்கிட் ஒரு சாண் எழும்பியது, வலது எழும்பவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் பயிற்றுநரின் தோள் கீழே இறங்குவது மட்டும் தெரிந்தது. ஸ்கிட் திரும்பத் தரையில் அமர்ந்தது. ரோட்டர் முழுவதும் நின்ற பிறகு இறங்கி வந்து எல்லாரும் குனிந்து பார்த்தோம். முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. விரலால் அவிழ்க்க முடியாமல் கத்தியால் அறுத்தோம். கயிறு கடித்த இடத்தில் ஸ்கிட்டின் வண்ணம் ஒரு விரல் அகலத்துக்கு உரிந்து, அடியில் உலோகம் பளபளத்தது. அந்த மாணவன் நெடுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தான். அன்றிலிருந்து இயந்திரத்தை இயக்கும் முன் ஸ்கிட் இரண்டையும் கையால் தடவிப் பார்த்த பிறகே விலகுவேன். உங்கள் மகளும் அப்படித் தடவிப் பார்க்கட்டும்.

கவிழ்ந்த பிறகு என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் காணொளிகள் அதற்குள் முடிந்துவிடுகின்றன. பதறி உடனே வெளியே பாயக் கூடாது. சுற்றுவது எல்லாம் நிற்கும்வரை இருக்கைப் பட்டையோடு இருந்து, எரிபொருளையும் மின்சாரத்தையும் துண்டித்துவிட்டு வெளியேற வேண்டும். தீ தெரிந்தால் கதை வேறு, தாமதிக்கவே கூடாது. அதே ராபின்சன் நிறுவனத்தின் ஆர்44 ரகத்தின் பழைய உலோக எரிபொருள் தொட்டிகள் உயிர் பிழைக்கக்கூடிய விபத்துகளிலும் உடைந்து தீப்பிடித்ததால், உள்ளே நெகிழ்வான பை கொண்ட தொட்டிகளுக்கு மாற்றும்படி தயாரிப்பாளரே 2010-இல் அறிவுறுத்தினார். அவள் பறப்பது ஆர்44 என்றால், தொட்டி மாற்றப்பட்டதா என்று பள்ளியில் தயங்காமல் கேளுங்கள். பெற்ற தாய் கேட்பதில் தவறே இல்லை.

தரையில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. இயந்திரம் ஓடும்போது, யாரையோ வழியனுப்பவோ கதவைச் சரிபார்க்கவோ விமானி இறங்கிவிடுவது. ஆளில்லாத கலெக்டிவ் மெல்ல நகர்ந்தால் ஹெலிகாப்டர் தானே எழும்பப் பார்க்கும். வாலில் சுற்றும் சிறிய ரோட்டரோ வேகத்தில் கண்ணுக்கே தெரியாது. பின்பக்கமாக நடந்து அதில் சிக்கி இறந்தவர்கள் இருக்கிறார்கள். அவளைப் பார்க்கத் தளத்துக்குப் போனால், அவள் கையசைத்து அழைக்கும்வரை வேலிக்கு வெளியே நில்லுங்கள். அழைத்தாலும் முன்பக்கமாக, அவள் கண்ணில் பட்டபடியே போங்கள்.

எந்த ரக ஹெலிகாப்டரில் கற்கிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. அவசியம் கேட்டு எழுதுங்கள். ஆர்22, ஆர்44 இரண்டிலும் ரோட்டருக்கு இரண்டே இறக்கைகள். ஷ்வைசர் 300 போல மூன்று இறக்கைகள் தனித்தனிக் கீல்களில் முன்னும் பின்னும் அசையும் ரகமென்றால், 'கிரவுண்ட் ரெசொனன்ஸ்' என்ற இன்னோர் ஆபத்தும் தரையிலேயே காத்திருக்கிறது. ஒரு பக்கமாகத் தட்டி இறங்கும்போது இறக்கைகளின் இடைவெளி கலைந்து, ரோட்டரின் ஆட்டமும் உடலின் ஆட்டமும் ஒன்றையொன்று வளர்த்துவிட்டால், சில நொடிகளில் ஹெலிகாப்டர் தன்னைத் தானே உதறிப் பிய்த்துக்கொள்ளும். ரோட்டர் உரிய வேகத்தில் இருந்தால் அப்போது உடனே மேலே தூக்கிவிட வேண்டும். வேகம் குறைந்திருந்தால் இயந்திரத்தின் விசையைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலை மூடி, கலெக்டிவைத் தாழ்த்த வேண்டும். முன்பு சொன்னதில் தாழ்த்துவதுதான் வழி, இதில் தூக்குவதும் வழியாகலாம். எதற்கு எது என்று அவள் கைக்குத் தெரிந்திருக்கிறதா என்று இன்றிரவு அவளிடமே கேளுங்கள். அவள் சொல்லும் பதிலையும் எனக்கு எழுதுங்கள்.