பத்தாவதுக்கும் பதவிக்கும் நடுவில்

மதிப்பிற்குரிய ஐயா,

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். இந்த வருட ஆண்டு விழாவுக்கு எங்கள் பழைய மாணவன் ஒருவனைப் பேச அழைத்திருந்தோம். என்னிடம் பத்தாவது படித்தவன், இப்போது பெங்களூரில் டிசைன் இன்ஜினியர். "பெரிதாகக் கனவு காணுங்கள், விடாமல் உழையுங்கள்" என்று நன்றாகவே பேசினான். பிள்ளைகள் கைதட்டினார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் வகுப்பில் ஒரு பெண் எழுந்து, "டீச்சர், அந்த அண்ணன் பத்தாவது முடிச்சு எங்க போய்ச் சேர்ந்தாரு? பணம் யாரு கட்டுனா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இதுமாதிரி நிகழ்ச்சிகளால் பிள்ளைகளுக்குப் பயன் உண்டா? உண்டென்றால் வருகிறவர்களை என்ன பேசச் சொல்வது?

அன்புடன்,
ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

நிச்சயமாகப் பயன் உண்டு. ஆனால் அந்தப் பெண் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் வந்தவர் மேடையிலேயே பதில் சொல்லியிருக்க வேண்டும். சாதித்தவர்களைப் பற்றி நாம் பேசும்போது படித்த பள்ளியைச் சொல்கிறோம், இன்றைய பதவியைச் சொல்கிறோம். நடுவில் இருக்கும் பத்துப் பதினைந்து வருடத்தை அப்படியே விட்டுவிடுகிறோம். பிள்ளைகளுக்கு வேண்டியதே அந்த நடுப்பகுதிதான்.

உங்கள் பக்கத்து ஊர்க்காரர் வீரமுத்துவேலையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஆகஸ்ட் 23 மாலை சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கியபோது அதன் திட்ட இயக்குநர் அவர். விழுப்புரம் ரயில்வே ஊழியரின் மகன் நிலாவைத் தொட்டார் என்று எல்லோரும் எழுதினார்கள். கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அதைப் படிக்கும் பத்தாம் வகுப்புப் பையனுக்கு விழுப்புரத்தையும் நிலாவையும் தவிர வேறெதுவும் தெரியாது.

அவர் போன வழியைப் பாருங்கள். ஊரிலேயே ரயில்வே பள்ளி. பிறகு அங்கேயே ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ. அதன்பின் சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் பி.இ., திருச்சியில் எம்.இ. உடனே இஸ்ரோ இல்லை. கோயம்புத்தூரில் நூற்பாலை இயந்திரங்கள் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தார். அங்கிருந்து பெங்களூரில், விமானம் செய்யும் மத்திய அரசு நிறுவனமான எச்.ஏ.எல்.லின் ஹெலிகாப்டர் பிரிவு. அதற்கப்புறம்தான் இஸ்ரோ. அங்கே வேலையில் இருந்துகொண்டே சென்னை ஐ.ஐ.டி.யில் பிஎச்.டி. ராக்கெட் கிளம்பும்போது செயற்கைக்கோள் அதிர்கிறது இல்லையா, அந்த அதிர்விலிருந்து உள்ளே இருக்கும் மின்னணுப் பெட்டிகளை எப்படிக் காப்பது என்பதுதான் ஆய்வு. பின்னாளில் தமிழக அரசு 25 லட்சம் ரூபாய் பரிசு கொடுத்தபோது, அந்தப் பணத்தைத் தன்னைப் படிக்க வைத்த கல்வி நிலையங்களுக்கே பிரித்துக் கொடுத்தார். அதில் அந்தப் பாலிடெக்னிக்கும் உண்டு. எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது அந்தச் செய்தியைப் படித்தபோதுதான்.

இப்படி விரித்துச் சொன்னால் ஒவ்வொரு படியும் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் தெரிகிறது. "மார்க் கம்மி, அதனால பாலிடெக்னிக்ல தள்ளிட்டாங்க" என்று இன்றைக்கும் வீடுகளில் பேசுகிறார்கள். பத்தாவதுக்குப் பிறகு மூன்று வருட டிப்ளமோ, அதை முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டிலேயே நேரடியாகச் சேரலாம் என்பது அந்த வீடுகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஐ.டி.ஐ. முடித்தவர்கூட டிப்ளமோ இரண்டாம் ஆண்டுக்குப் போகலாம். இஸ்ரோ தலைவராக இருந்த சிவன் கன்னியாகுமரி மாவட்டத்தில் தமிழ்வழி அரசுப் பள்ளியில் படித்தவர். அவர் முதலில் நாகர்கோவிலில் பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டுத்தான் சென்னை குரோம்பேட்டையில் உள்ள எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரிக்குப் போனார். வழி ஒன்றுதான் என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது.

அடுத்தது பணம். அந்தப் பெண் கேட்டதில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். வருகிறவரைத் தன் சான்றிதழ் ஃபைலோடு வரச் சொல்லுங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ் எல்லாவற்றையும் பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும். இ-சேவை மையத்தில் எப்படி விண்ணப்பித்தார், எதற்காகத் திருப்பி அனுப்பினார்கள், கடைசியில் கல்லூரிக் கட்டணத்தில் எவ்வளவு குறைந்தது என்று சொல்லட்டும். வீட்டில் அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே பட்டம் வாங்கியிருந்தால் முதல் பட்டதாரி சலுகை கிடைக்காது என்பதைக் கல்லூரி வாசலில் தெரிந்துகொள்கிற குடும்பங்கள் உண்டு.

உங்கள் பள்ளி பத்தாவதோடு முடிவதால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மருத்துவப் படிப்பில் 2020லும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 2021லும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அதில் இன்ஜினியரிங் சேர்ந்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. ஆனால் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பத்தாவதில் 450 வாங்கிவிட்டான் என்று கடன் வாங்கி, தனியார் பள்ளி ஹாஸ்டலில் பிளஸ் ஒன் சேர்க்கிறார்கள் பாருங்கள், அந்தக் கையெழுத்தோடு இந்த இடம் போய்விடுகிறது. நல்லது செய்வதாக நினைத்துத்தான் பெற்றோர் செய்கிறார்கள். சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

கல்லூரியின் முதல் செமஸ்டர் பற்றியும் கேளுங்கள். தமிழ்வழியில் படித்த பிள்ளை இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ் வகுப்பில் உட்கார்ந்து, போர்டில் இருக்கும் கணக்கு தெரிந்ததாகவும் கேள்வி புரியாததாகவும் இருக்கும்போது என்ன செய்தார்? அரியர் விழுந்ததா? யாரிடம் போய்க் கேட்டார்? இதைச் சொல்லப் பல பேருக்குக் கூச்சம் இருக்கும். நீங்கள் அவருடைய டீச்சர், நீங்கள் கேட்டால் சொல்வார்.

அப்புறம், இன்ஜினியரை மட்டும் கூப்பிடாதீர்கள். உங்களிடம் படித்து நர்ஸாகவோ லேப் டெக்னீஷியனாகவோ கிராம நிர்வாக அலுவலராகவோ ஆன பெண் ஒருத்தியாவது இருப்பாள். அவளைக் கட்டாயம் கூப்பிடுங்கள். எந்த ஹாஸ்டலில் தங்கினாள், வீட்டில் எப்படிச் சம்மதித்தார்கள் என்பதை அவள் வாயால் கேட்டால்தான் பெண் பிள்ளைகளுக்கு நம்பிக்கை வரும். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருவது டிப்ளமோவுக்கும் ஐ.டி.ஐ.க்கும்கூட உண்டு என்பதையும் அதே மேடையில் சொல்லிவிடலாம்.

ஆண்டு விழா வரை காத்திருக்க வேண்டாம். பத்தாவது ரிசல்ட் வந்த கையோடு பாலிடெக்னிக், பிளஸ் ஒன் சேர்க்கை எல்லாம் ஓடத் தொடங்கிவிடும், அப்போது யோசிக்க நேரம் இருக்காது. ஜனவரியில் ஒரு சனிக்கிழமை வையுங்கள். அப்பா அம்மாவையும் வரச் சொல்லுங்கள், எங்கே சேர்ப்பது என்று முடிவு செய்யப்போவது அவர்கள்தான்.

அன்புடன்.