சேலத்தையே வைத்துப் பார்த்தால் புரியும்

கேள்வி: மொழி, மதம், பழக்கவழக்கம் ஆகியவை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு எப்படிப் பரவுகின்றன?

புவியியல் பாடநூல்கள் இதை இரண்டாகப் பிரிக்கும். ஆட்கள் குடிபெயரும்போது பண்பாடும் கூடவே போவது இடப்பெயர்வுப் பரவல். ஆட்கள் இருந்த இடத்திலேயே இருக்க, பழக்கம் மட்டும் பக்கத்தில் இருப்பவர்களைத் தொற்றிக்கொண்டு போவது விரிவுப் பரவல்.

முதல் வகைக்குச் சேலத்துச் சௌராஷ்டிர நெசவாளர்களைச் சொல்வேன். குஜராத் பக்கத்திலிருந்து பல தலைமுறைகளாக நகர்ந்து வந்தவர்கள். வீட்டில் பேசுவது இந்தோ-ஆரிய மொழி. ஆனால் வழியில் தங்கிய இடங்களின் தெலுங்குச் சொற்களும், வந்து சேர்ந்த இடத்தின் தமிழ்ச் சொற்களும் அதில் ஏறிவிட்டன. அந்த மொழியே அவர்கள் நடந்து வந்த பாதையின் வரைபடம் போன்றது.

சேர்வராயன் மலையில் கதை வேறு. அங்குள்ள மலையாளிப் பழங்குடியினர் பேசுவது தமிழ்தான் (பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைப்பவர்கள் ஏராளம், இங்கே அது மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வருகிறது). முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய வாய்மொழி மரபு. சமவெளியில் மாறிப்போன வழக்கங்கள் சில மலைமேல் தங்கிவிடும். ஏற்றம் கடினமானால் பரவலும் மெதுவாகும்.

அதே மலைக்குக் காப்பி வந்தது அதிகாரத்தின் வழியாக. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் அதைப் பயிரிடச் செய்தார். மேலிடத்திலிருந்து கீழே இறங்கும் இத்தகைய பரவலைப் படிநிலைப் பரவல் என்பார்கள், இது விரிவுப் பரவலின் ஒரு வகை. அரசன் தழுவிய சமயம் குடிகளிடம் இறங்குவதும் இதே வழியில்தான்.