விருப்புரிமை என்றால் அதிகாரியின் இஷ்டமா?

கேள்வி: உதவித்தொகை கேட்டு மனு கொடுத்தேன். நிராகரித்துவிட்டார்கள். காரணம் கேட்டால், 'அது அதிகாரியின் விருப்புரிமை, நீங்கள் கேட்க முடியாது' என்கிறார் எழுத்தர். விருப்புரிமை என்றால் அவர் இஷ்டம் என்றுதானே பொருள்? அப்புறம் மனு எதற்கு?
(ஒரு வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

பதில்: இல்லை ஐயா. இஷ்டம் வேறு, விருப்புரிமை வேறு.

காரணம் சொல்ல வேண்டாத தெரிவு குடிமக்களுக்கு உண்டு. பிரெஞ்சு இந்தியாவை ஒப்படைக்கும் உடன்படிக்கை 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்தது. இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்தவர்கள், ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றது அது. ஏன் என்று கேட்கவில்லை. அப்படி எழுதிக்கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் உங்கள் தெருவிலேயே இருக்கலாம். அதுதான் விருப்பம்.

அதிகாரிக்குச் சட்டம் தருவது அதுவல்ல. விதிகளையும் உங்கள் நிலைமையையும் சீர்தூக்கிப் பார்த்து முடிவெடுக்கும் பொறுப்பு. தொடர்பில்லாததைக் கணக்கில் எடுத்தாலும், இன்னொருவர் சொன்னார் என்று கையெழுத்துப் போட்டாலும், சென்னை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்யலாம். குழப்பத்துக்கு 'விருப்புரிமை' என்ற சொல்லும் ஒரு காரணம். விருப்பு, உரிமை என்று அதற்குள் இருக்கும் இரண்டுமே அந்த நாற்காலியில் இருப்பவருக்குச் சொந்தமானவை அல்ல. பழைய மனுக்களில் 'தங்கள் உசிதம்போல்' என்று எழுதுவார்கள். உசிதம் என்றால் தகுந்தது. அந்தச் சொல்லையே வைத்துக்கொண்டிருக்கலாம் என்பது என் கட்சி. (துணைநிலை ஆளுநருக்கும் முதலமைச்சருக்கும் உரசல் வரும்போதெல்லாம் நம் ஊர்ச் செய்திகளில் அடிபடுவதும் இதே விருப்புரிமைதான். 1963-ஆம் ஆண்டின் யூனியன் பிரதேச ஆட்சிச் சட்டம், 44-ஆவது பிரிவு. அதைத் தொட்டால் இந்தப் பக்கம் போதாது.)

சரி, உங்கள் விஷயம். அந்தத் திட்டத்தின் அரசாணையை வாங்கிப் படியுங்கள். தகுதியுள்ளவருக்கு 'வழங்க வேண்டும்' என்று இருக்கிறதா, 'வழங்கலாம்' என்று இருக்கிறதா? முதலாவது என்றால், தகுதி இருக்கும்போது மறுக்க அதிகாரிக்கு விருப்புரிமையே கிடையாது. எழுத்தர் உங்களை ஏய்த்திருக்கிறார். இரண்டாவது என்றாலும் காரணம் தேவை. நிர்வாக முடிவுகளுக்கான காரணத்தைப் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 4-ஆவது பிரிவு. அந்தச் சட்டத்தின்படியே மனுப்போட்டு, உங்கள் கோப்பில் இருக்கும் குறிப்புகளின் நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே துறையில் முதல் மேல்முறையீடு.

கூடவே, 'அதிகாரியின் விருப்புரிமை' என்று வாயால் சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். தருகிறாரா பார்ப்போம்.