நோட்டீஸ் வந்ததும் லேபிளை மாற்றாதீர்கள்

கேள்வி: விருதுநகர் பக்கம் 2017 கோடையிலிருந்து பன்னீர் சோடா போட்டு விற்கிறோம். பெயரைப் பதிவு செய்யவில்லை. அதே பெயரை 2021-ல் டிரேட்மார்க் பதிவு செய்தவர், 15 நாளில் லேபிளை மாற்றச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். புதுப் பெயர் பதிந்து தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: பொறுங்கள். 15 நாள் கெடு அந்த வக்கீல் வைத்தது, சட்டம் வைத்ததல்ல. பதில் மட்டும் கட்டாயம் அனுப்புங்கள்.

1999-ம் ஆண்டு டிரேட்மார்க் சட்டத்தின் 34-வது பிரிவு, பதிவு செய்தவரைவிட முன்பே அந்தப் பெயரில் விற்றுவந்தவரைக் காப்பாற்றுகிறது. இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். அவருடைய பதிவுக்கு முன்பே நீங்கள் விற்றிருந்தால் மட்டும் போதாது. அவர் விற்கத் தொடங்கிய நாள், விண்ணப்பித்த நாள், இரண்டில் எது முந்தையதோ அதற்கும் முன்பே உங்கள் விற்பனை தொடங்கி, இடைவிடாமல் நடந்திருக்க வேண்டும். அவர் 2021-ல் விண்ணப்பித்திருந்தாலும் 2016 முதல் விற்றதற்கு பில் வைத்திருந்தால் இந்தப் பிரிவு உங்களுக்கு உதவாது. டிரேட்மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் அவருடைய விண்ணப்ப எண்ணைப் போட்டால், எப்போதிலிருந்து பயன்படுத்துவதாகச் சொல்லியிருக்கிறார் என்பது தெரியும். இலவசம்தான்.

அடுத்து உங்கள் பில்கள். 'சோடா 24 பாட்டில்' என்று மட்டும் இருக்கும் பில் பெயரை நிரூபிக்காது. லேபிள் அச்சடித்த பில், அச்சகம் அனுப்பிய மாதிரி, பெயர் அச்சான மூடிக்கான பில் ஆகியவற்றை ஆண்டுவாரியாகத் திரட்டுங்கள். உணவுப் பாதுகாப்பு உரிமமோ ஜிஎஸ்டி எண்ணோ பெயருக்கு உரிமை தராது.

ஏஜென்ட் விஷயத்தில் கவனம். 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பின் உள்ளூர் சோடாவுக்கு மவுசு கூடியது; பெயர் பதிந்து தருகிறோம் என்று கிளம்பியவர்களுக்கும் குறைவில்லை. உங்கள் பெயரையே, சோடா போன்ற பானங்களுக்கான வகுப்பு 32-ல் விண்ணப்பியுங்கள். தனிநபருக்கு ஆன்லைன் கட்டணம் 4,500 ரூபாய். 2017 முதல் பயன்படுத்துகிறோம் என்று எழுதினால் ஆதாரத்தோடு பிரமாணப் பத்திரம் வேண்டும். அந்த வேலைக்குச் சோம்பி, ஏஜென்ட்கள் 'இனிமேல்தான் பயன்படுத்தப் போகிறோம்' என்று போட்டுவிடுவார்கள். உங்கள் இத்தனை ஆண்டு உழைப்பை உங்கள் விண்ணப்பமே மறுத்ததாகிவிடும்.

விண்ணப்பத்தில் தரும் மின்னஞ்சல் முகவரியும் உங்களுடையதாக இருக்கட்டும். யாராவது ஆட்சேபம் தாக்கல் செய்தால், அந்த நோட்டீஸ் கிடைத்த இரண்டு மாதத்துக்குள் எதிருரை, அதாவது அந்த ஆட்சேபத்துக்கு எழுத்துப்பூர்வ பதில், கொடுக்க வேண்டும். தவறினால் விண்ணப்பமே கைவிடப்பட்டதாகிவிடும். வழக்கை ஆண்டுக்கணக்கில் இழுக்கும் அமைப்பு, இந்த இரண்டு மாதத்தில் மட்டும் ஒரு நாள்கூட விட்டுக்கொடுப்பதில்லை.

தேதிகள் உங்கள் பக்கம் இருந்தால், முதல் பில்லின் தேதியைக் குறிப்பிட்டே உங்கள் வக்கீலைப் பதில் எழுதச் சொல்லுங்கள். எதிர்த்தரப்பின் பதிவை நீக்கக் கோரும் மனுவையும் 57-வது பிரிவில் போடலாம்.