கேளுங்கள் சொல்கிறோம்: ஆலம்பரைக்குப் போகலாமா?

கேள்வி: வெளியூரில் வேலை பார்க்கும் என் தோழி லீவுக்கு வருகிறாள். மாமல்லபுரம் இருவருக்கும் பழகிப்போன இடம். கடலோரத்தில் பழைய கோட்டை ஒன்று, கூட்டமில்லாமல், ஒரே நாளில் போய்த் திரும்புகிற மாதிரி வேண்டும். ஆலம்பரையைப் பற்றிக் கேட்டால் "வெறும் செங்கல் குவியல், பார்க்க ஒன்றுமில்லை" என்கிறார்கள். உண்மையா?
– வாசகி, தாம்பரம்

பதில்: தாராளமாகப் போங்கள். அங்கே என்ன நடந்தது என்று தெரியாமல் போனால் குவியலாகத்தான் தெரியும், அதனால் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போவது நல்லது. ஆற்காடு நவாப் தோஸ்த் அலி கான் காலத்தில், 1730களில் எழுந்த கோட்டை அது. நாணயம் அடிக்கும் சாலை இருந்தது, பக்கத்திலேயே கப்பல் துறை, ஜரிகைத் துணி, உப்பு, நெய் எல்லாம் அங்கிருந்துதான் கப்பலேறின. 1750இல், ஹைதராபாத் நிஜாம் பதவிக்குப் போட்டியிட்ட முசாபர் ஜங், தனக்குத் துணை நின்ற பிரெஞ்சுக்காரர்களுக்கு, அதாவது புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேவுக்கு, இதைக் கொடுத்தார். அவர்கள் கையில் அது பத்து வருஷம்தான் இருந்தது. 1760 ஜனவரியில் வந்தவாசிப் போரில் பிரெஞ்சுப் படை தோற்றது, ஜெயித்த ஆங்கிலேயர்கள் புதுச்சேரியை வளைக்கிற வேகத்தில் சுற்றியிருந்த கோட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டே வந்தார்கள், ஆலம்பரையும் போனது. பிடித்ததோடு விடவில்லை, இடித்தும் விட்டார்கள். ஆக, நீங்கள் பார்க்கப்போவது வயசாகித் தானாக உதிர்ந்த சுவர் மட்டும் இல்லை, வேண்டுமென்றே தகர்த்த சுவர். அதை மனதில் வைத்துக்கொண்டு நடந்தால், செங்கல்லும் சுண்ணாம்பும் பாளம் பாளமாகப் பெயர்ந்து கிடப்பதற்கு அர்த்தம் புரியும். 2004 சுனாமியிலும் கொஞ்சம் சேதம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் தாண்டிச் சுமார் 50 கிலோமீட்டர் போனால் கடப்பாக்கம், அங்கே கடல் பக்கம் திரும்ப வேண்டும். இது இடைக்கழிநாடு, சங்கப் புலவர் நல்லூர் நத்தத்தனாரின் ஊர்ப்பக்கம். கோட்டையிலிருந்து இறங்கினதும் கடல் வந்துவிடாது, முதலில் உப்பங்கழி, அப்புறம் மணல்திட்டு, அதற்கு அந்தப்பக்கம்தான் அலை. அந்த மணல்திட்டுக்கு மீனவர்கள் படகில் கூட்டிப்போவார்கள், எவ்வளவு என்று ஏறுவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள், லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கிப் போடுங்கள். முகத்துவாரத்துப் பக்கம் மட்டும் தயவுசெய்து குளிக்க இறங்காதீர்கள், மேலே அமைதியாகத் தெரியும் தண்ணீர் அடியில் இழுக்கும்.

நிழல் குறைவு. விடிகாலையிலேயே கிளம்பிவிடுங்கள், தண்ணீரும் சாப்பாடும் கையோடு இருக்கட்டும்.

கேள்வி: தோழிக்கு மதில்மேல் ஏறி நின்று படம் எடுக்க ஆசை. ஏறலாமா?
– அதே வாசகி

பதில்: வேண்டாம்மா. சுண்ணாம்புக் காரை விட்டுப்போன செங்கல் எப்போது கழன்று வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் கால் ஒரு பக்கம் இருக்கட்டும், இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேல் தாங்கி நிற்கிற சுவர் அது, ஒவ்வொருவர் ஏறும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது. ஏற்கெனவே ஆணியால் பெயர் கிறுக்கி வைத்திருக்கிறார்கள், பார்க்கவே வயிறு எரிகிறது. கீழே நின்று, இடிந்த வாசல் வழியாகக் கழியும் படகும் தெரிகிற மாதிரி எடுங்கள், படம் அதைவிட நன்றாகவே வரும்.

கேள்வி: அதே நாளில் சதுரங்கப்பட்டினமும் முடியுமா?
– வாசகர், செங்கல்பட்டு

பதில்: முடியும். கல்பாக்கத்தை ஒட்டித்தான் இருக்கிறது, திரும்பும் வழியில் இறங்கலாம். அங்கிருக்கும் கோட்டை டச்சுக்காரர்கள் கட்டியது, தொல்லியல் துறை பராமரிப்பில் இருக்கிறது, அதனால் சாயங்காலம் மூடிவிடுவார்கள், ஆலம்பரையில் மதியத்துக்குள் முடித்துக்கொண்டு கிளம்புங்கள். 1782இல் பிரெஞ்சுக் கப்பல்களும் ஆங்கிலேயக் கப்பல்களும் மோதிக்கொண்டது இந்த ஊருக்கு நேர் எதிர்க் கடலில்தான். உள்ளே டச்சுக்காரர்களின் கல்லறைகள் இருக்கின்றன, மூடுகற்களில் செதுக்கியிருக்கும் எழுத்தையும் சின்னங்களையும் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். அந்தப் பகுதி பூட்டியிருந்தால் காவலாளியிடம் கேளுங்கள்.