கேப் போடப் பல்லை எவ்வளவு ராவ வேண்டும்? பல் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: கேப் என்றாலே பல்லைச் சுற்றி ராவி, முளை மாதிரி ஆக்கிவிடுகிறார்களே. அவ்வளவும் தேவையா டாக்டர்?

பதில்: உள்ளே உலோகம், மேலே பீங்கான் என்றால் தேவைதான். உலோகத்தின் கருமையை மறைக்கவே பீங்கான் தடிப்பாக இருக்க வேண்டும். மெல்லும் பரப்பில் 1.5 முதல் 2 மி.மீ. வரை போய்விடும். முழுக்க ஜிர்கோனியா என்ற உறுதியான பீங்கானிலேயே கடைந்த கேப்புக்கு 1 மி.மீ. அளவு போதும். 2002-இல் வந்த ஓர் ஆய்வில், முழு கேப்புக்காக முன்பல்லின் மேற்பகுதியில் 63 முதல் 72 சதவீதம் வரை போவது தெரிந்தது. பல்லுக்குள் திரும்ப வைக்க முடியாத சரக்கு அது.

கேள்வி: குறைவாக ராவினால் கழன்று விழாதா?

பதில்: சாதாரண சிமென்ட் என்றால் பல்லின் உயரமும் சரிவும்தான் கேப்பைப் பிடித்து வைக்கும். லித்தியம் டைசிலிகேட் பீங்கான் கதை வேறு. அதன் உட்புறத்தை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தாலும், பல்லின் மேலடுக்கான எனாமலைப் பாஸ்பாரிக் அமிலத்தாலும் சொரசொரப்பாக்கி, ரெசின் என்ற பிசினால் ஒட்டுகிறோம். அதன் கீழே உள்ள டென்டினைவிட எனாமலில் ஒட்டு உறுதி. அதனால் எனாமலை மிச்சம் வைப்பதே பிடிமானம். எச்சில் பட்டால் எல்லாம் வீண். வாயில் ரப்பர் திரை கட்டினால் முகம் சுளிக்காதீர்கள்.

ஜிர்கோனியாவில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் வேலைக்காகாது. அலுமினா துகளை அடித்து, ஒட்டு பிடிக்க அதற்கென்று உள்ள பிரைமர் திரவம் தடவ வேண்டும்.

கேள்வி: எவ்வளவு ராவினோம் என்று டாக்டருக்கே எப்படித் தெரியும்?

பதில்: கண்ணளவை நம்பக் கூடாது. வரப்போகும் பல்லின் வடிவத்தை முதலில் மெழுகில் செய்து, அதற்கு சிலிக்கான் அச்சு எடுப்போம். அந்த அச்சில் ரெசின் நிரப்பி வாயில் அழுத்தினால், புதுப் பல் தற்காலிகமாக வந்துவிடும். அதன் மேல் ஆழம் குறித்த பர்ரால் (ராவும் முனையால்) கோடு போட வேண்டும். பல் ஏற்கெனவே தேய்ந்திருந்தால் கோட்டின் பெரும்பகுதி ரெசினோடு நின்றுவிடும், பல் தப்பிக்கும். அப்புறம் அச்சைக் குறுக்கே வெட்டிப் பல்லோடு வைத்து, இடைவெளியை அளந்து பார்க்கலாம்.

கேள்வி: ரூட் கெனால் செய்த பல்லுக்கு முழு கேப் கட்டாயமா?

பதில்: கடைவாய்ப் பல்லின் முகடுகளை மூடுவதுதான் முக்கியம். பக்கச் சுவர் நன்றாக இருந்தால், முகடுகளை மட்டும் மூடும் ஆன்லே போதும். துளை மட்டுமே உள்ள முன்பல்லுக்குப் பெரும்பாலும் ஃபில்லிங்கே போதும்.

கேள்வி: தூக்கத்தில் பல்லைக் கடிப்பேன். மெல்லிய கேப் தாங்குமா?

பதில்: ஜிர்கோனியா தாங்கும். ஆனால் பாலிஷ் சரியில்லை என்றால் எதிர்ப்பல்லைத் தேய்த்துவிடும். இரவில் நைட் கார்டு (பல்லைக் காக்கும் கழற்றக்கூடிய உறை) போடுங்கள்.